லேப்டாப் திரையில் வெளிச்சம் கசிந்தது! கல்யாண ஆல்பத்தில் பாட்டியைக் காணோம்!

போட்டோ வேலைக்கு லேப்டாப் வாங்குவோரே, உஷார்!

சென்னை:-

82 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தம் புது லேப்டாப், கல்யாண போட்டோகிராபர் ஒருவரின் காலை வாரி விட்டது. திரையின் ஒரு மூலையில் கசிந்த வெளிச்சத்தை நம்பி அவர் படங்களைத் திருத்த, அச்சாகி வந்த ஆல்பத்தில் மணப்பெண்ணின் பாட்டி இருட்டில் மறைந்து போனார். பெண் வீட்டார் கொதித்து விட்டார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வடசென்னையைச் சேர்ந்தவர் அந்த போட்டோகிராபர். வயது 29. "தொழில் பாதிக்கும் சார், பேர் மட்டும் போட்டுடாதீங்க" என்று கேட்டுக் கொண்டார். அதனால் பெயரை விட்டு விட்டோம்.

2024-ம் ஆண்டு ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து லேப்டாப் வாங்கினார். கடையில் திரை பளிச்சென்று இருந்தது. மயில் தோகை விரித்து ஆடும் படம் ஓடியது. பார்த்ததும் மயங்கி விட்டார். பில் போட்டு எடுத்து வந்து விட்டார்.

முதல் வேலையே ஒரு கல்யாண வரவேற்பு. ராத்திரி நேரம். மேடையில் மட்டும் விளக்கு. சுற்றிலும் இருட்டு. மூட்டு வலியோடு விழுப்புரத்தில் இருந்து வந்திருந்த பாட்டி, குடும்பப் படத்தில் இடது ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கருநீலப் புடவை.

மர்மப் புகை!

வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்து விட்டு, படத்தை முழுத் திரையில் வைத்துப் பார்த்தார் போட்டோகிராபர். கீழே இடது மூலையில் வெள்ளையாக ஒரு புகை! அடுத்த படத்தைப் பார்த்தார். அதிலும் அதே மூலையில் புகை!

லென்சில் கோளாறு என்று நினைத்தார். 1,500 ரூபாய் கொடுத்து லென்சைத் துடைக்கக் கொடுத்தார். எடுத்த படங்களை என்ன செய்வது? மூலையில் புகை மறையும் வரை கருப்பு ஏற்றினார். ஒன்றல்ல, இரண்டல்ல, 30-க்கும் மேற்பட்ட படங்களில் இதே வேலை! திரையில் பார்க்க எல்லாம் சரியாக இருந்தது.

ஆல்பம் அச்சாகி வந்தது. பெண்ணின் அப்பா புரட்டினார். குடும்பப் படம் வந்ததும் நிறுத்தினார்.

"என்ன தம்பி இது? எங்க அம்மாவை எங்கே?"

நாற்காலியும் இல்லை, புடவையும் இல்லை. மூக்குத்தி மட்டும் ஒரு புள்ளியாக மின்னியது. மற்றது எல்லாம் கன்னங்கரேல்!

போட்டோகிராபருக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு ஓடினார். லேப்டாப்பைத் திறந்தார். படத்தைப் பெரிதாக்கி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்போதுதான் குட்டு உடைந்தது.

படம் நகர்ந்தது. புகை நகரவில்லை! அது மூலையிலேயே நின்றது.

கோளாறு லென்சில் இல்லை, படத்தில் இல்லை. லேப்டாப் திரையில்தான்!

ரிச்சி தெருவில் விசாரணை

இதற்குப் பெயர் "பேக்லைட் பிளீடிங்". நம் பேச்சில் சொன்னால் பின்விளக்கு வெளிச்சம் கசிவது. இது எப்படி வருகிறது என்று அறிய, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்றோம். நரசிங்கபுரம் தெருப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. ஸ்குரு டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தார் ஒரு மெக்கானிக். லேப்டாப் திரை மாற்றுவதுதான் அவர் தொழில்.

"என்னண்ணே, திரையில் வெளிச்சம் எப்படிக் கசியும்?" என்று கேட்டோம்.

உடைந்த திரை ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அவர் கூறியதாவது:-

"தம்பி, எல்.சி.டி. திரைக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது. கீழ் ஓரத்துல பாரு, குட்டிக் குட்டி எல்.இ.டி. விளக்கு வரிசை. அந்த வெளிச்சத்தை இந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு திரை பூராவும் பரப்பும். மேலே ரெண்டு மூணு மெல்லிசு தாள். அதுக்கும் மேலேதான் திரவப் படிகம் இருக்குற கண்ணாடி. அது கதவு மாதிரி. கதவு திறந்தா வெள்ளை, சாத்தினா கருப்பு. பின்னாடி விளக்கு மட்டும் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

கதவு எவ்வளவு சாத்தினாலும் கொஞ்சம் வெளிச்சம் வரத்தான் செய்யும். ஆனா எல்லா இடத்துலயும் ஒரே அளவா வரணும். சட்டம் ஒரு பக்கம் இறுக்கிப் பிடிச்சாலோ, உள்ளே தாள் ஒழுங்கா உட்காராம போனாலோ, அந்த ஓரத்துல மட்டும் கூடுதலா கசியும். இப்ப திரையெல்லாம் தாள் மாதிரி மெலிசா வருது. சட்டமும் மெலிசு. பையில வெச்சு அழுத்தினா, மூடியை ஒரு மூலையைப் பிடிச்சுத் திறந்தா, அதுலயும் கசிவு வரலாம்."

இவ்வாறு அவர் கூறினார்.

"சட்டத்தைத் தளர்த்தினால் சரியாகி விடுமா அண்ணே?" என்றோம்.

"சில சமயம் குறையும். ஆனா நீ கை வெச்சா வாரண்டி போச்சு. கண்ணாடி விரிசல் விட்டா திரையே போச்சு. வீட்டுல வெச்சு நோண்டாதே!" என்று எச்சரித்தார்.

ஆள் மாறாட்டம்!

இதில் ஒரு ஆள் மாறாட்டமும் உண்டு. "ஐ.பி.எஸ்." என்று ஒரு வகை எல்.சி.டி. திரை. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. அதனால் போட்டோ வேலைக்கு ஆகும் லேப்டாப்புகளில் இந்தத் திரைதான் மிகுதி. இருட்டில் கருப்புப் படம் வைத்து மூலையில் இருந்து பார்த்தால், இந்தத் திரையில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு மினுமினுப்பு தெரியும். இதற்கு "ஐ.பி.எஸ். குளோ" என்று பெயர். இது அந்த வகைத் திரையின் பிறவிக் குணம். கோளாறு அல்ல.

பல பேர் இதைக் கசிவு என்று நினைத்து, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். சில கடைக்காரர்களோ உண்மையான கசிவையும் "ஐ.பி.எஸ்.-ல இதெல்லாம் சகஜம் சார்" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள். நமது போட்டோகிராபருக்குக் கிடைத்ததும் இதே பதில்தான்.

இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி? தலையை ஆட்டினால் போதும்! தலையை இடம் வலமாக, மேலும் கீழுமாக நகர்த்துங்கள். கொஞ்சம் பின்னால் தள்ளியும் பாருங்கள். மினுமினுப்பு கூடவே நகர்ந்தால், குறைந்தால், நிறம் மாறினால் அது குளோ. எங்கிருந்து பார்த்தாலும் திட்டு அதே இடத்தில் அதே வடிவத்தில் நின்றால் அது கசிவு.

துணிக்குள் தலை!

கடையில் ஏன் தெரியவில்லை? டியூப் லைட் வெளிச்சம்தான் காரணம். ரிச்சி தெருக் கடையானாலும், பெரிய ஷோரூம் ஆனாலும், தலைக்கு மேல் விளக்கு எரியும்போது மூலையில் கசியும் வெளிச்சம் கண்ணுக்குப் படாது. மயில் படமும் பூப் படமும் ஓடினால் சுத்தமாகத் தெரியாது.

மெக்கானிக் ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டு கேமரா பார்ப்பாரே, அதே வழிதான்! முழுக்கக் கருப்பான ஒரு படத்தை பென் டிரைவில் கொண்டு போங்கள். டெமோ லேப்டாப்பில் அதைப் போட்டு, தலைக்கு மேல் ஒரு கெட்டியான துணியை மூடிக் கொண்டு பாருங்கள். கடைப் பையன் சிரிப்பான். சிரித்து விட்டுப் போகட்டும். பணம் உங்களுடையது!

ஆனால் ஒன்று. டெமோ பெட்டி நன்றாக இருந்தால், உங்களுக்குக் கொடுக்கும் பெட்டியும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வந்த இரண்டு பெட்டியிலும் கசிவு வேறு வேறாக இருக்கும். அதனால் உங்கள் பெட்டியை வீட்டில் வைத்து சோதிப்பதுதான் முக்கியம்.

அன்று ராத்திரியே சோதியுங்கள்!

வாங்கிய அன்றே, பெட்டி அட்டையைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால், இதைச் செய்யுங்கள்:-

* ராத்திரி விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்துங்கள். லேப்டாப்பை 20 நிமிடம் ஓட விட்டுப் பிறகு பாருங்கள்.

* தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் நிறுத்தி விடுங்கள்.

* கருப்புப் படத்தை முழுத் திரையில் வையுங்கள். ஒரு கை தூரத்தில், நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள். முதலில் நீங்கள் வேலை செய்யும் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு முழு வெளிச்சத்தில் பாருங்கள்.

* அடுத்து அடர் சாம்பல் நிறப் படத்தை வையுங்கள். பலர் இதை விட்டு விடுகிறார்கள். முழுக் கருப்பில் யாரும் போட்டோ திருத்துவது இல்லை. கோட்டு, கூந்தல், கருநீலப் புடவை எல்லாம் அடர் சாம்பல் அளவில்தான் இருக்கும். அங்கே திட்டுத் தெரிந்தால்தான் பிழைப்புக்கு ஆபத்து. முழுக் கருப்பில் மட்டும் லேசாகத் தெரிந்து, சாம்பலில் மறைந்து விட்டால் பயப்பட வேண்டாம்.

* கடைசியாக வெள்ளைப் படம். ஓரங்கள் மங்கலாகவோ மஞ்சளாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

போன் சொல்லும் பொய்

கசிவைப் பார்த்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், செல்போனில் படம் எடுப்பது. அதில் திரை தீப்பிடித்தது போலத் தெரியும்! இருட்டைக் கண்டதும் போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் கொள்ளும். அதனால் கண்ணுக்குத் தெரிவதை விடப் பல மடங்கு மோசமாக விழும். இதை சர்வீஸ் சென்டரில் காட்டினால், "போன் கேமரா அப்படித்தான் காட்டும்" என்று ஒரே வரியில் அனுப்பி விடுவார்கள்.

படம் எடுக்கும்போது கேமராவின் வெளிச்ச அளவைக் கையால் குறைத்து, கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த அளவில் நிறுத்தி எடுங்கள். அதுதான் சாட்சி ஆகும்.

நிறம் சரி பார்க்கும் கருவி வாங்கினால் கசிவு போகுமா என்று சிலர் கேட்கிறார்கள். போகாது. கருவியைத் திரையின் நடுவில் ஒட்டி வைத்துத்தான் அளப்பார்கள். மூலையில் நடப்பது அதற்குத் தெரியாது!

கணக்கைப் பாருங்கள்

ஐ.பி.எஸ். திரையில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமாக 1000-க்கு 1. திரையின் வெளிச்சத்தை "நிட்ஸ்" என்ற அளவில் சொல்வார்கள். வெள்ளை 300 நிட்ஸ் என்றால் கருப்பு 0.3 நிட்ஸ். வெளிச்சத்தை 120-க்குக் குறைத்தால் கருப்பும் 0.12-க்கு இறங்கி விடும். கசிவும் அதே விகிதத்தில் குறையும்.

அச்சுக்குப் போகும் படங்களைத் திருத்துவோர் 80 முதல் 120 நிட்ஸ் வரை வெளிச்சம் வைப்பது வழக்கம். முழு வெளிச்சத்தில் வைத்து, கும்மிருட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் கண்ணும் களைக்கும், கசிவும் பூதமாகத் தெரியும். அறையில் ஒரு மிதமான விளக்கு எரியட்டும்.

வாங்கும்போது நிறக் கணக்கையும் கேளுங்கள். "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று போட்டிருந்தால் போட்டோ வேலைக்கு ஆகாது. சிவப்புப் பட்டு செங்கல் நிறத்தில் தெரியும். "எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம்" என்று இருக்க வேண்டும். 1996-ல் வகுக்கப்பட்ட இந்த நிற அளவுதான் இன்றைக்கும் பொது வழக்கு. கடைக்காரர் "கலர் சூப்பரா இருக்கும் சார்" என்று சொன்னால் அதை நம்பாதீர்கள். அச்சடித்த விவரத் தாளைக் கேளுங்கள்.

கசிவே இல்லாத திரை உண்டா?

உண்டு. ஓ.எல்.இ.டி. என்ற திரையில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கருப்பு என்றால் அசல் கருப்பு. கசிய ஒன்றுமே இல்லை. ஆனால் அதிலும் வில்லங்கம் இருக்கிறது. திருத்தும் கருவிப் பட்டைகள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால், நாளடைவில் அந்தத் தடம் திரையில் பதிந்து போகலாம். குறைந்த வெளிச்சத்தில் சில திரைகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சிலருக்குத் தலைவலி வரும்.

"மினி எல்.இ.டி." என்று இன்னொரு வகை. பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள். கருப்பு வரும் இடத்தில் அங்குள்ள விளக்கு மட்டும் மங்கும். ஆப்பிள் கம்பெனி 2021-ல் கொண்டு வந்த 14, 16 அங்குல மேக்புக் புரோக்களில் இந்தத் திரைதான். இதில் ஓரக் கசிவுத் தொல்லை குறைவு. ஆனால் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றி ஒரு ஒளி வட்டம் தெரியும்.

அம்மா சங்கிலியை அடகு வைத்து வாங்குகிறவர்களுக்கு இவற்றின் விலை எட்டாது. அவர்களுக்கு ஐ.பி.எஸ்.தான் கதி. அதனால்தான் சோதனை முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

திரையில் செத்துப் போன புள்ளிகளுக்குக் கணக்கு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற சர்வதேசத் தரத்தில், 10 லட்சம் புள்ளிக்கு எத்தனை சாகலாம் என்று வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு கசியலாம் என்று பெரும்பாலான வாரண்டி தாள்களில் ஒரு வரி கூட இருக்காது. "அளவுக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது" என்று கம்பெனி சொல்லும். எந்த அளவு என்று கேட்டால் பதில் வராது. தகராறு எல்லாம் இந்த இடத்தில்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020-ம் ஆண்டு ஜூலை 20 முதல் அமுலில் இருக்கிறது. பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வாணிபம் என்கிறது சட்டம். பில்லில் காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்து விட்டதாலேயே, பழுதைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை போய் விடாது. பில் தர மறுப்பதும் முறையற்ற வாணிபம்தான். ஆகவே ரசீதில் லேப்டாப்பின் வரிசை எண்ணோடு பில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

மூன்று தடவை நடந்தார்!

நமது போட்டோகிராபர் கதைக்கு வருவோம். கடையில், "7 நாள் தாண்டிடுச்சு, கம்பெனியைப் பாருங்க" என்றார்கள். சர்வீஸ் சென்டரில், "சகஜம்" என்றார்கள். அவர் விடவில்லை. சாம்பல் படத்தை வைத்து, வெளிச்ச அளவை நிறுத்தி நான்கு படம் எடுத்தார். எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கினார். 1915-லும் பதிவு செய்தார். மூன்றாவது தடவை போனபோது, வாரண்டியில் திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

"புதுத் திரையிலும் வலது மேல் மூலையில லேசா இருக்கு சார். ஆனா சாம்பல்ல தெரியல. அது போதும். இப்பல்லாம் மூலையில எது தெரிஞ்சாலும் முதல்ல படத்தை இழுத்துப் பார்ப்பேன். கூட நகர்ந்தாத்தான் கருப்பு ஏத்துவேன்" என்றார் அவர்.

ஆல்பம் என்ன ஆயிற்று? நல்ல காலம், கேமராவில் எடுத்த மூலப் படங்களை அவர் அழிக்கவில்லை. 14 ஆயிரம் ரூபாய் கைக்காசு போட்டு ஆல்பத்தைத் திரும்ப அச்சடித்தார். அந்தக் கல்யாணத்தில் அவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. சங்கிலியை மீட்கவும் நான்கு மாதம் தள்ளிப் போய் விட்டது.

புது ஆல்பத்தை அவரே நேரில் கொண்டு போய்க் கொடுத்தார். பாட்டி கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தன் படத்தைத் தேடினார். கண்டுபிடித்தார்.

"இருக்கேன்டா தம்பி!" என்றார் சிரித்துக் கொண்டே.